நோர்வூட்டுக்கு வந்த கடல் பறவை

1

மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்ற வாரம் எங்கள் தோட்டத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. இங்கே சொல்ல ஆளில்லை. இங்கிருக்கிற எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில், உப்பளத்து ஓரத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இலங்கைக்கு வந்து இந்த ஆனியோடு பதினாறு வருஷம் ஆகிறது. குடியிருப்பது நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். பறித்து வந்த கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, நீங்கள் காலையில் குடிக்கிற தூளாக மாறும்வரை அவர் பொறுப்பு. அதனால் எனக்கு இங்கே சொந்தப் பெயர் கிடையாது. டீமேக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கல்யாணத்துக்கு வந்த ஒருத்தி, 'மாப்பிள்ளை டீ போட்டு விற்கிறாரா?' என்று கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்கு ஆனி என்றால் வெயில். எங்களுக்கு மழை, காற்று. மேற்கிலிருந்து மலையை அறைந்துகொண்டு வரும். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின் தகரக் கூரை பறக்காமல் இருக்க, மேலே கல் தூக்கி வைப்பார்கள். இந்த வருஷம் அதோடு ஒரு புதுமையும் சேர்ந்தது. கீழே ஆற்றை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர் ஏறி நிற்கிறது. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிற ஆறு அந்தத் தண்ணீரில் போய் விழுகிற இடத்தில் சேறும் நாணலும் சேர்ந்து, அசல் கழிமுகம் போலவே ஆகிவிட்டது. கொக்கு நிற்கிறது. நான் அதற்கு முகத்துவாரம் என்று பெயர் வைத்தேன். "கடலே இல்லாத இடத்துக்கு முகத்துவாரமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது லயத்துப் பிள்ளைகள்கூட முகத்துவாரத்தில் மீன் பிடிக்கத்தான் போகிறார்கள்.

அங்கேதான் அதை முதலில் பார்த்தோம். மழை சற்று ஓய்ந்த ஒரு காலை, நானும் என் மகள் வசந்தாவும் நோர்வூட் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்புப் பறவை. பருந்து என்றுதான் நினைத்தேன். பருந்து அவ்வளவு பெரிதாக இருக்காது. இறக்கையை அசைக்கவே இல்லை. காற்றில் படுத்துக்கொண்டு வட்டம் போட்டது. வால் மீன் வாலைப் போலப் பிளந்திருந்தது.

"அம்மா, அது நம்ம பக்கத்துப் பறவ இல்லைங்கம்மா" என்றாள் வசந்தா.

மறுநாளும் போய்ப் பார்த்தோம். அதே இடம், அதே வட்டம். கீழே வரும், தண்ணீரை ஒட்டி வரும், அலகால் எதையோ கொத்தப் பார்க்கும், மறுபடி மேலே போய்விடும். இரண்டு நாளில் ஒரு தடவைகூட அது தண்ணீரில் உட்காரவில்லை. இதை நான் பார்த்தேன் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் குருடி இல்லை.

2

வசந்தாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்குப் பதினைந்து வயது. எங்களுக்கு ஒரே பெண். இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அடுத்த மாதம் அவளைக் கப்பலேற்றி, வேதாரண்யத்தில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு செய்திருந்தோம். அங்கே மேலே படிக்கட்டும், நாலு நல்ல மனிதர்களோடு பழகட்டும், காலம் வந்தால் அங்கேயே கல்யாணமும் நடக்கட்டும் என்பது என் எண்ணம். அண்ணன் அவளுக்கென்று ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். நான் இங்கே பெட்டி வாங்கிவிட்டேன்.

இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். எங்களைப் போன்றவர்கள் இங்கே இருப்பது அனுமதியின் பேரில். இந்த நாடு சுதந்திரம் அடைந்ததும் முதல் வேலையாக, நாங்கள் யார், எந்த ஊர், என்ன பாத்தியதை என்று கேட்க ஆரம்பித்தார்கள். இன்னும் கேட்டு முடியவில்லை. போன வருஷம் இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிகளும் உட்கார்ந்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தோட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது இதே பேச்சு. என் வீட்டுக்காரர் இங்கே தங்குவதற்கான பெர்மிட்டை நீட்டிக்க நாங்கள் கொழும்புக்கு ஏறி இறங்கிய கதையை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. ஒரு கவுண்டரில் நின்றால் அடுத்த கவுண்டர் என்பார்கள். அடுத்ததில் நின்றால் சாப்பாட்டு நேரம் என்பார்கள்.

கடைசியாகப் போனபோது வசந்தாவையும் கூட்டிப்போனோம். அவளுக்குச் சிங்களம் சரளம். எங்களுக்குக் கடையில் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, 'கம கொஹேத?' என்று கேட்டார். உன் ஊர் எது என்று அர்த்தம். அவள் யோசிக்கவே இல்லை. நோர்வூட் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா அவள் முழங்கையை இடித்தார். "இந்தியா, இந்தியா" என்று நான் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு வியர்த்துவிட்டது.

வெளியே வந்ததும் அவளைத் திட்டினேன். "ஊர் எதுன்னு கேட்டா ஊரைச் சொல்ல வேண்டாமா?"

"ஊரத்தானம்மா சொன்னேன்" என்றாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு முறை ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ரயிலைக் கோச்சி என்று சொன்னாள். அண்ணன் பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். கடற்கரைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி இருந்தும் குடிக்க ஒதவாதா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. என் வயிற்றில் பிறந்தது கடலைப் பார்த்து இப்படிக் கேட்கிறதே என்று வருத்தமாக இருந்தது. இவளைக் கடலோரத்தில் கொண்டுபோய் விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று அப்போதிருந்தே என் மனத்தில் ஓர் உறுதி.

3

மூன்றாம் நாள் காலை பெருங்காற்று அடித்தது. கொழுந்து பறிக்கிற பெண்களில் ராக்கம்மா என்று ஒருத்தி உண்டு. எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போடுவாள். வாயாடி, நல்லவள். மேல் மலையில் பறித்துக்கொண்டிருந்தவள், கையில் ஏதோ மெத்தென்று பட்டதும் போட்ட கூச்சல், தொழிற்சாலைவரை கேட்டதாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறக்கை விரித்தபடி அந்தப் பறவை கிடந்தது.

கொழுந்துக் கூடையில் வைத்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து மேலே மூடி, நேரே என் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ராக்கம்மா, அவள் புருஷன் பொன்னுச்சாமி, பின்னால் பத்துப் பதினைந்து பேர். தலை வெளுப்பும் செம்பட்டையுமாக இருந்ததால், வழியெல்லாம் சில பெண்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

"கருடனா இருந்தா வாலு ஏன் இம்புட்டு நீளங்க?" என்று பொன்னுச்சாமி கேட்டான். "நீங்க கடக்கரைக்காரவுங்க. நீங்க சொல்லுங்கம்மா, இது என்னா சாமி?"

சாக்கை விலக்கினேன். விலக்கியதும் என்னைத் தூக்கி வாரிப் போட்டது. பறவையின் உருவத்தைப் பார்த்து அல்ல. வாடை. உப்பு வாடை, மீன் வாடை, காய்ந்த பாசி வாடை. பதினாறு வருஷத்தில் என் வீட்டு வாசலுக்கு அந்த வாடை வந்ததில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"இது கடல் பறவை" என்றேன். "எங்க ஊர்ப் பறவை."

உண்மையில் எங்கள் ஊரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பூநாரை தெரியும், கடற்காகம் தெரியும், கொக்கு தெரியும். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் கடலிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. காற்று அதை அவ்வளவு தூரத்திலிருந்து அள்ளிக்கொண்டுவந்து மலைமேல் போட்டிருக்கிறது. ஒரு சேவலின் கனம்கூட இல்லை உடம்பு. இறக்கையை விரித்தாலோ பொன்னுச்சாமி உயரம். கால்தான் வேடிக்கை: புறாவின் கால் போலச் சின்னஞ்சிறியது, விரல்களுக்கு இடையே கொஞ்சம் தோல். நிற்கவே முடியவில்லை அதனால். வயிற்றை மண்ணில் வைத்துக்கொண்டு, அலகை உயர்த்தி எங்களைப் பார்த்தது.

வசந்தா அதைத் தூக்கிக்கொண்டு போய் விறகுக் கொட்டகையில் வைத்தாள். கருவாட்டை ஊறவைத்துக் கொடுத்தாள். தொடவில்லை. முகத்துவாரத்தில் பிள்ளைகள் பிடித்த மீனை வாங்கி வந்து அலகைத் திறந்து ஊட்டினாள். இரண்டு உள்ளே போயிற்று. அன்று மாலை அது கொஞ்சம் தெளிந்தாற்போல் இருந்தது. கொட்டகை வாசலில் வைத்தபோது காற்றுப் பட்டதும் இறக்கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"கொட்டகைக் கூரமேல வச்சுப் பாப்பமாம்மா?" என்று கேட்டாள்.

"விழுந்து கழுத்தை முறிச்சுக்கும். பேசாம இரு" என்றேன்.

4

அதை என்ன செய்வது என்பதில் தோட்டத்தில் இரண்டு பேச்சே இல்லை. தண்ணீர்ப் பறவையைத் தண்ணீரில் விட வேண்டும். விரலில் தோல் இருக்கிறதா, இருக்கிறது. மீன் தின்கிறதா, தின்கிறது. அப்புறம் என்ன? முகத்துவாரத்தில் விட்டால் ஆறும் அணையுமாக வழி பிடித்துக் கடலுக்குப் போய்விடும் என்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நானும் அதையேதான் சொன்னேன். தண்ணீர் பட்டால் தெம்பு தானாக வரும் என்றேன்.

வசந்தா ஒருத்திதான் முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு நாளாப் பாத்தோமேம்மா, அது தண்ணியில எறங்கவே இல்லையே."

"கடலோரத்துல பொறந்தது நானா, நீயா?" என்றேன், பொன்னுச்சாமி காதில் விழும்படியாக. அவள் திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிருந்து யாராவது இந்தியாவுக்கே போய்விடுவதாக இருந்தால் அவர்களைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, மாலை போட்டு, குங்குமம் வைத்து, முன்னால் தப்பு முழங்க, பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு பஸ் ரோடுவரை போவார்கள். சில பேர் ஹட்டன் ஸ்டேஷன்வரை போய், கோச்சி கண்ணுக்கு மறைகிறவரை நின்றுவிட்டு வருவார்கள். பயணம் அனுப்புவது என்று அதற்குப் பெயர். அழுகையும் இருக்கும், ஆட்டமும் இருக்கும். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

பறவைக்கும் பயணம் அனுப்புவோம் என்று ஆரம்பித்தது பொன்னுச்சாமிதான். தோட்டத்தில் தப்பு அடிப்பது அவன்தான். "நம்ம ஊருக்குப் போற ஆளுங்க இது. மொட்டையா அனுப்புனா நல்லாவா இருக்கும்?" என்றான். அவனும் ராக்கம்மாவும் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவராம். ஊரின் பெயர் அவனுக்குச் சரியாகத் தெரியாது.

பாதி விளையாட்டு, பாதி பக்தி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. கருடன் என்று நினைத்தவர்கள் சூடம் கொண்டுவந்தார்கள். ராக்கம்மா, தோட்டத்து ஓரத்தில் பூத்த செவ்வந்தியைக் கோத்து மாலை கட்டினாள். கழுத்தில் போட்டால் மூச்சு முட்டும் என்று வசந்தா சொன்னதால் கூடைக்குச் சுற்றினார்கள். கூடையை வசந்தாவே சுமந்தாள். தப்பு முன்னால் போக, நாங்கள் இறங்கினோம். மழைகூட விட்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் ஊர்ப் பறவையை என் ஊருக்கு அனுப்புகிற பெருமை எனக்கு. நடுவழியில் ராக்கம்மா என் காதருகே வந்து, "அங்க போயி எங்கள மறந்துராதன்னு அதுகிட்ட சொல்லுங்கம்மா, ஒங்க பேச்சு அதுக்குப் புரியும்" என்று கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன்.

முகத்துவாரத்தில் சேற்றைத் தாண்டி வசந்தா முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை அசைத்தேன். விடு என்று.

விட்டாள்.

ஆறு அதை மெதுவாக ஆழத்துக்கு இழுத்தது. முதலில் மிதந்தது. தப்பு உச்சத்தில் முழங்கியது. யாரோ விசில் அடித்தார்கள். பறவை இறக்கைகளை விரித்து ஒரு தடவை அடித்தது. எழும்பவில்லை. மறுபடி அடித்தது. வாத்தின் முதுகில் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுமே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதன் இறகில் அப்படி ஓடவில்லை. பஞ்சில் ஊறுவதுபோல் ஊறியது. ஊற ஊற இறக்கை கனத்துக் கீழே போயிற்று. மூன்றாம் தடவை அடிக்கும்போது அந்த நீள இறக்கை தண்ணீரிலிருந்து வெளியே வரவே இல்லை.

என் மூளைக்கு அது எட்டவில்லை. நீந்துகிறது, நீந்துகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே நின்றேன். கடல் பறவை தண்ணீரில் முழுகுமா? அப்படி ஒரு காரியம் உலகத்தில் உண்டா?

"அம்மா, அது முழுகுதும்மா!"

வசந்தா கத்தினாள். ஆழம் தெரியாத தண்ணீரில் அவள் இன்னும் உள்ளே போகப் பார்த்தாள். பொன்னுச்சாமி தப்பைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் பறவையின் தலை மட்டும் தெரிந்தது. வெளுத்த தலை, நீள அலகு மேலே பார்த்தபடி. பிறகு அதுவும் இல்லை. செவ்வந்தி மாலை சுற்றிய வெறுங்கூடை கரையில் இருந்தது.

யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும், "போயிருச்சா? கடலுக்குப் போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.   ராக்கம்மா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சற்று முன்பு கிண்டல் செய்தவளின் முகத்தைப் பார்த்தேன். பயம். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமளும் எழுதிக் குடுத்துட்டமே" என்றாள், மெதுவாக.

 பொன்னுச்சாமி வசந்தாவைக் கரையில் விட்டுவிட்டு, நனைந்துபோன தப்பைத் தேடி எடுத்தான். 

5

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் கையைக் கழுவாமலே நின்றார். அவர் பேச்சுக் குறைவான மனிதர். தொழிற்சாலைக்கு வந்த மானேஜர் துரையிடம் பறவையின் அங்க அடையாளமெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறார். எங்கள் துரை வெள்ளைக்காரர். கப்பலில் வந்து போகும்போது அந்த மாதிரிப் பறவையைப் பார்த்திருக்கிறாராம். முதலில் சிரித்தாராம், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம்.

"அது ஆகாசத்துலயே இருக்குற பறவையாம்" என்றார் இவர். "கடல் மேலேயே திரியுமாம். ஆனா தண்ணில எறங்காதாம். எறகுல எண்ணெய்ப் பசை பத்தாதாம். தரையில இருந்தும் எழும்ப வராதாம்."

"அப்ப நாம என்னதான் செய்திருக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் வசந்தாவைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். "ஒண்ணும் செய்ய வேண்டியதில்லையாம். நல்லாக் காத்தடிக்கிற மேடா பாத்து வச்சிருந்தாப் போதுமாம். தானாப் பறந்திருக்குமாம்."

காற்றடிக்கிற மேடு. கேட்டீர்களா? எங்கள் தோட்டத்தில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் நின்றால் புடவை நிற்காது. ராக்கம்மா அதைக் கண்டெடுத்த மேல் மலையில் ஒரு பாறை இருக்கிறது, கங்காணிகள் ஏறி நின்று கொழுந்து பறிப்பதை மேற்பார்க்கிற பாறை. அதில் வைத்திருந்தால் போதும். எங்கள் விறகுக் கொட்டகைக் கூரையே போதுமாக இருந்திருக்கும். அதற்கு வேண்டியது அத்தனையும் அது விழுந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள்தான் மாலை போட்டு, தப்பு அடித்து, மெனக்கெட்டு மலை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றோம்.

வசந்தா எழுந்து உள்ளே போனாள். அழுவாள், என்னைப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.  உள்ளே என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். நான் அவளுக்காக வாங்கி வைத்த பெட்டியில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன வேலை அது; ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு, யாரும் சொல்லாமல், பேசாமல் மடித்து அடுக்கினாள்.

பறவை முழுகியதைவிட அதைப் பார்த்ததுதான் என்னைக் கதிகலங்க அடித்தது. அந்தப் பறவையும் கூடையில் அப்படித்தான் பேசாமல் இருந்தது.

6

சாயங்காலம் அவள் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்தைப் பற்றி நானும் அவள் அப்பாவும் பேசியிருக்கிறோம். அண்ணனும் நானும் எழுதியிருக்கிறோம். ஸ்டோர் கிளார்க்கின் மனைவியிடம்கூட யோசனை கேட்டேன். ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை என்பது துருவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"வசந்தா, ஒனக்குப் போக விருப்பமா?"

அவள் நிமிர்ந்தாள். நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டதுபோல் பார்த்தாள். மாவுக் கையைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்தாள்.

"இல்லைங்கம்மா."

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. உப்புப் போதுமா என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அப்பாவோட பெர்மிட் முடிஞ்சு, போகச் சொல்லிட்டா?"

"அப்ப எல்லாருமா போவோம். நீங்க ரெண்டு பேரும் இருக்குற எடத்துல நானும் இருப்பேன். இப்ப என்னைய மட்டும் கொண்டுபோயி அங்க எறக்கி விட்டுறாதீங்கம்மா." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு அங்க எப்பிடி இருக்கணும்னே தெரியாது."

 எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். மாவு என் புடவையெல்லாம் ஒட்டியது. அவளைப் பெற்று இத்தனை வருஷம் வளர்த்த நான், அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று பார்க்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவள் என்ற திமிர் கண்ணை மறைத்துவிட்டது.

அவள் அப்பாவிடம் சொன்னேன். நாளைக்குப் பெர்மிட்டை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பொன்னுச்சாமியும் ராக்கம்மாவும் என்னிடம் வந்து, எழுதிக் கொடுத்ததைத் திரும்பி வாங்க முடியுமா என்று கேட்டார்கள்.  விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எந்தக் கவுண்டரில் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை.

அண்ணே, இந்தப் பத்திரிகையை நீங்கள் ஒரு வரி விடாமல் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'பிள்ளையை ஏன் அனுப்பவில்லை' என்று நீங்கள் ஒரு வரியில் கேட்பீர்கள்; அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இத்தனையும் எழுதினேன். சுண்ணாம்பு அடித்த அறையில் உங்கள் பிள்ளைகள் படுத்துக்கொள்ளட்டும். என்மேல் கோபம் வேண்டாம். அடுத்த மாதம் இராமேசுவரத்துக் கப்பல் துறையில் வந்து காத்திருக்காதீர்கள். வசந்தா வரவில்லை. அவள் அவளுடைய ஊரில் இருக்கிறாள்.